உயர் அழுத்தத் திசைமாற்றிகளின் உட்காவல்

நம் இல்லங்களில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டால் பியூஸ் கம்பி உருகி அறுந்து, வீட்டையும் வீட்டில் உள்ளாரையும் காக்கிறது. மின்காவல் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது இந்த மெல்லிய கம்பியே. அது அறிந்த தொழில் ஒன்றுதான்: எல்லை கடந்தால் அறுத்துவிடுதல். ஒரு வீட்டுக்கு இக்காவல் போதுமானது. கம்பி அறுந்தால் அவ்வீடு சிறிது நேரம் இருளில் இருக்கும்; பெருங்கேடு ஒன்றும் நேராது. ஆனால், ஒரு மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கைத் தன் வழியே செலுத்தும் பொறிக்கு இதே காவல் பொருந்துமா? சிறு இடர் வரும்போதெல்லாம் அப்பொறி தன்னை அறுத்துக்கொண்டு நின்றுவிடுமாயின் ஊர்கள் இருளும்; மருத்துவமனைகளும் இரயில்களும் தவிக்கும். எந்த இடருக்கும் நில்லாமல் ஓடுமாயின் பொறியே எரிந்துபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே காவலை அமைப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மின்நிலையங்களில் பெரும்பாலும் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். அது ஒரு நொடிக்குள் 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்து வருகிறது. டிரான்ஸ்பார்மரைக் கொண்டு அதன் அழுத்தத்தை எளிதில் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆதலின் உலகெங்கும் அதுவே வழக்கில் நின்றது. எனினும் நெடுந்தொலைவுக்கு மிகுந்த மின்சாரத்தைக் கொண்டு செல்லும்போது நேர்திசை மின்னோட்டம் சிக்கனமானது. அன்றியும், மாறுதிசை மின்னோட்டத்தால் இணைந்த இரண்டு வட்டாரங்களும் ஒரே தாளத்தில் அலைந்தாக வேண்டும். ஒன்றில் தாளம் தவறினால் மற்றொன்றும் தடுமாறும். நேர்திசை இணைப்புக்கு இந்தக் கட்டு இல்லை. ஆகவே ஒரு முனையில் மாறுதிசையை நேர்திசையாக்கி, கம்பி வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் மாறுதிசையாக்கிக் கொள்கின்றனர். இம்மாற்றத்தைச் செய்யும் பொறியை இப்பேச்சில் திசைமாற்றி என்று வழங்குவோம்.

இத்துறையில் உலகின் முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று சுவீடன் நாட்டில் 1954-இல் நிறைவேறியது. அந்நாட்டின் பெருநிலத்திலிருந்து காட்லாந்துத் தீவுக்குக் கடலடிக் கேபிள் வழியாக 1,00,000 வோல்ட் அழுத்தத்தில் 20 மெகாவாட் மின்சாரம் சென்றது. ஊனோ லாம் என்னும் பொறியியலறிஞரின் தலைமையில் உருவான பாதரச வால்வுகள் அங்குத் திசைமாற்றிகளாகப் பணிபுரிந்தன. 1970-களில் பாதரசத்தின் இடத்தைச் சிலிக்கனால் ஆகிய தைரிஸ்டர்கள் பிடித்தன. இந்தியாவில் 1989-இல் விந்தியாசலில் 500 மெகாவாட் ஆற்றலுடைய திசைமாற்றி நிலையம் மேற்கு, வடக்கு வட்டாரங்களை இணைத்தது. அடுத்து ரிஹாந்து முதல் தாத்ரி வரையில் நெடுந்தொலைவுக் கம்பித் தடம் எழுந்தது. 2003-இல் ஒடிசாவின் தால்சேரும் கருநாடகத்தின் கோலாரும் இணைந்தன. இன்று சத்தீசுகரின் ராய்கர் நிலையத்திலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்துக்கு வரும் தடம், 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் வரை செலுத்த வல்லது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான அளவை இந்த ஒரே தடம் சுமக்கக்கூடும் என்றால், அதன் காவல் எத்துணை முதன்மையானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, திசைமாற்றியின் உள்ளே சென்று பார்ப்போம். அதன் உயிர்நாடி தைரிஸ்டர். அது உள்ளங்கை அகலமுள்ள வட்டமான சிலிக்கன் வில்லை. மின்னோட்டத்துக்கு அதனை ஒரு கதவு எனக் கொள்ளலாம். சிறிய குறிப்பொன்று கொடுத்தால் அக்கதவு திறந்துகொள்ளும். ஆனால் மூடு என்று கட்டளையிட்டால் மூடாது. தன் வழியே செல்லும் மின்னோட்டம் தானாகக் குறைந்து இல்லையானால்தான் அது மூடிக்கொள்ளும். இந்த இயல்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் நாம் காணவிருக்கும் இடர்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

ஒரு தைரிஸ்டர் தாங்கும் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் மட்டுமே. இலட்சக் கணக்கான வோல்ட்டைத் தாங்கவேண்டுமாயின், பல பத்துத் தைரிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கவேண்டும். இத்தொடரையே பாதரசக் காலத்துப் பெயரால் இன்றும் வால்வு என்கின்றனர். வால்வுகள் உயர்ந்த கூடங்களில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தரையிலுள்ள கட்டுப்பாட்டுப் பொறியிலிருந்து ஒவ்வொரு தைரிஸ்டருக்கும் கண்ணாடி இழைகளின் வழியே கட்டளை செல்கிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே உயரழுத்தம் அவ்விழை வழியே இறங்கி வாராது. காவல் இவ்விடத்திலேயே தொடங்கிவிட்டது.

தொடராக நிற்பவர் பலர் ஒரு பாரத்தைச் சுமக்கும்போது, சுமை ஒருவர்மேல் மிகுந்துவிடக் கூடாது. தைரிஸ்டர்களுக்கும் இஃது ஒக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மின்தேக்கியும் மின்தடையும் அமைந்து, அழுத்தத்தைச் சமமாகப் பங்கிடுகின்றன. கதவு திறந்த கணத்தில் மின்னோட்டம் வெள்ளம்போல் உட்புகுந்தால், வில்லையின் ஒரு மூலை மட்டும் சூடேறிப் பொசுங்கும். அதனைத் தடுக்க, இரும்பு உள்ளகம் உடைய கம்பிச் சுருள் ஒன்று முதற்பாய்ச்சலின் வேகத்தைத் தணித்து அனுப்புகிறது.

இதனினும் கொடிய இடர் ஒன்று உண்டு. கட்டளை வந்ததும் எல்லாக் கதவுகளும் ஒருங்கே திறக்கவேண்டும். ஒன்று மட்டும் திறவாது நின்றால், தொடர் முழுவதன் அழுத்தமும் அதன் தலையில் இறங்கும். அப்போது கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பி விடைபெறக் காலம் இல்லை. ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கும் பெரிதாகும். ஆதலின் ஒவ்வொரு தைரிஸ்டரிலும் ஓர் உட்காவல் வைத்திருக்கின்றனர். தன்மேல் விழும் அழுத்தம் குறித்த எல்லையைத் தொட்டதும், எவர் கட்டளைக்கும் காத்திராமல் அது தானே திறந்துகொள்ளும். எதிர்த்து நின்று மடிவதைக் காட்டிலும் வழிவிட்டு வாழ்வது மேல் என்னும் நெறி இது. சில வகைகளில் இக்காவல் தனிக் கருவியாகவும் இல்லை. சிலிக்கன் வில்லையின் உடலுக்குள்ளேயே அதனை அமைத்துவிட்டிருக்கின்றனர்.

அதனையும் மீறி ஒரு தைரிஸ்டர் பழுதுபட்டால் என்ன ஆகும்? அதன் உள்ளகம் உருகி ஒன்றாகி, வெறும் உலோகத் துண்டுபோல் மின்னோட்டத்தைத் தடையின்றிக் கடத்தும். தொடர் அறுந்துவிடாது. எஞ்சிய தைரிஸ்டர்கள் அதன் பங்கையும் ஏற்றுக்கொள்ளும். இதற்கென்றே தேவைக்கு மேற்பட்ட சில தைரிஸ்டர்களை ஒவ்வொரு வால்விலும் கூடுதலாக வைத்திருக்கின்றனர். எந்த அடுக்கில் எத்தனையாவது தைரிஸ்டர் பழுதுற்றது என்னும் செய்தி கண்ணாடி இழை வழியாகக் கட்டுப்பாட்டு அறையை அடையும். பராமரிப்புக் காலம் வரும்போது அதனை மாற்றிக்கொள்ளலாம். பழுதுகளின் எண்ணிக்கை கூடுதலாக வைத்த அளவை நெருங்கினால் எச்சரிக்கை எழும். அவ்வளவைக் கடந்தால்தான் வால்வு நிற்கும். ஓர் உறுப்பு செத்தாலும் முழு உடல் வாழ்வதற்கு வகைசெய்த காவல் இது.

அடுத்து, வெளியிலிருந்து வரும் மிகையழுத்தத்தை நோக்குவோம். மின்னல் தாக்கும்போதும், எங்கோ ஒரு பெரிய இணைப்பைத் திடீரெனத் துண்டிக்கும்போதும் அழுத்தம் கணப்பொழுதில் பன்மடங்கு எழும். நம் நாட்டு ஏரிகளில் கலிங்கு என்று ஓர் அமைப்பு உண்டு. நீர் அளவோடு நிற்கும் வரையில் கலிங்கு வெறும் கற்கட்டாகக் கிடக்கும். மட்டம் மீறினால் மிகுந்த நீர் மட்டும் அதன்மேல் வழிந்தோடும், கரை உடையாது. மட்டம் இறங்கியதும் வழிதல் தானே நிற்கும். கதவைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டியதில்லை. திசைமாற்றி நிலையத்தில் இப்பணியைத் துத்தநாக ஆக்சைடு வில்லைகளை அடுக்கிச் செய்த மிகையழுத்தத் தாங்கிகள் செய்கின்றன. வழக்கமான அழுத்தத்தில் அவை மின்சாரத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுக்கும். எல்லை கடந்ததும் மிகுந்த ஆற்றலை மட்டும் தம் வழியே கழித்துவிடும். அழுத்தம் தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு வால்வின் இரு முனைகளுக்கும் நடுவிலும், கம்பித் தடத்துக்கும் நிலத்துக்கும் நடுவிலும் இத்தகைய கலிங்குகள் காவல் நிற்கின்றன.

மூன்றாவதாக, கம்பித் தடத்தில் நேரும் பழுது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகக் காட்டிலும் வயலிலும் செல்லும் கம்பியில் மின்னலோ, காப்புப் பீங்கானில் படிந்த அழுக்கோ ஒரு பொறி பாய வழிசெய்துவிடலாம். உடனே மின்னோட்டம் கோபுரத்தின் வழியே மண்ணில் இறங்கத் தொடங்கும். மாறுதிசை மின்னோட்டமாயின் அது நொடிக்கு 100 முறை இன்மையைக் கடந்து செல்வது. அக்கணத்தைப் பற்றிக்கொண்டு துண்டிப்பான் பொறியை அணைத்துவிடும். நேர்திசை மின்னோட்டத்துக்கு அத்தகைய ஓய்வுக் கணமே கிடையாது. எடுத்த ஓட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் அதனை இடையில் அறுப்பது மிகக் கடினம்.

இவ்விடத்தில் திசைமாற்றியே காவலனாகிறது. பழுதைச் சில மில்லிநொடிகளில் உணர்ந்ததும், கட்டுப்பாட்டுப் பொறி தைரிஸ்டர்களைத் திறக்கும் நேரத்தை மிகவும் பின்தள்ளுகிறது. அதன் பயனாக, மின்சாரத்தைக் கம்பிக்குள் செலுத்திக்கொண்டிருந்த திசைமாற்றி, கம்பியில் தேங்கிய ஆற்றலைத் திரும்ப உறிஞ்சத் தொடங்குகிறது. மின்னோட்டம் இல்லையாகிறது, பொறி அணைகிறது. ஆயினும் பொறி பாய்ந்த இடத்துக் காற்று சூடாக இருக்கும். அது ஆறித் தன் தடுக்கும் ஆற்றலை மீளப் பெறும் வரையில் நொடியில் நான்கில் ஒரு பங்கு அளவான நேரம் காத்திருந்து, மீண்டும் அழுத்தத்தை ஏற்றுகிறது. பழுது தீர்ந்திருந்தால் பணி தொடரும். தீரவில்லையாயின் மறுபடியும் முயலும். பல நிலையங்களில், முழு அழுத்தம் தாங்காவிடில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அதுவும் இயலாதபோதுதான் அத்துருவம் நிறுத்தப்படும். அப்போதும், நேர், எதிர் என்னும் இரண்டு துருவங்களில் ஒன்று நின்றாலும் மற்றொன்று தன் பங்கைச் சுமந்து நிற்கும். இவ்வளவும் நிகழ்ந்ததை வீட்டில் விளக்கின்கீழ் அமர்ந்திருக்கும் நாம் பெரும்பாலும் அறிவதே இல்லை.

நான்காவது இடர் மின்சாரத்தைப் பெறும் முனையில் தோன்றுவது. அங்கு ஒரு வால்வு தன் வேலையை முடித்து அடுத்த வால்விடம் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்த வால்வுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஓய்வு தேவை. அந்த ஓய்வு கிடைத்தால்தான் கதவு உறுதியாக மூடும். பெறும் முனையின் மின்தொகுப்பில் எங்கேனும் ஒரு பழுது நேர்ந்து அழுத்தம் சரிந்துவிட்டால், ஒப்படைக்கும் நேரம் நீண்டு ஓய்வு நேரம் சுருங்கும். மூடவேண்டிய கதவு மீண்டும் திறந்துகொள்ளும். மேலும் கீழுமாக உள்ள இரு வால்வுகள் ஒருங்கே திறந்து நிற்க, மின்னோட்டம் குறுக்கு வழியிற் பாயும். மேற்பார்வைக்கு இதுவே பெரும் விபத்தெனத் தோன்றும். உடனே நிலையத்தை நிறுத்தவேண்டும் என்றும் தோன்றும்.

ஆனால் அவ்வாறு நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. பெறும் மின்தொகுப்பு அந்நேரத்தில் ஏற்கெனவே நலிந்து நிற்கிறது. அந்நிலையில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டையும் பறித்துவிட்டால், விழவிருப்பதைத் தள்ளிவிட்டது போலாகும். ஆகவே அங்குக் காவல் இருவகையாகச் செயற்படுகிறது. அழுத்தச் சரிவை உணர்ந்ததும் வால்வுகளைச் சற்று முன்னதாகவே திறக்கச் செய்து ஓய்வு நேரத்தை மீட்டுத்தருகிறது. அழுத்தம் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப மின்னோட்டத்தையும் குறைத்துக்கொண்டு, அழுத்தம் நிமிரும்போது தானும் நிமிர்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு அலைகளுக்குள் ஒழுங்கு மீண்டுவிடும். குறித்த காலத்துக்குள் மீளாவிட்டால் மட்டுமே நிறுத்தும் கட்டளை பிறக்கும்.

அப்படியாயின் பொறுமையின்றி உடனே நிறுத்தவேண்டிய இடர்களும் உண்டோ எனின், உண்டு. ஒரு பகுதிக்குள் நுழைந்த மின்னோட்டமும் வெளிவந்த மின்னோட்டமும் சமமாக இருத்தல் வேண்டும். சமமில்லையாயின், இடையில் அது வழிதவறி எங்கோ ஒழுகுகிறது என்பது உறுதி. வால்வுக் கூடத்துக்குள்ளேயே குறுக்கு மின்பாய்ச்சல் நேர்ந்தாலும் இவ்வாறே. இவற்றிற் காத்திருத்தல் தகாது. தைரிஸ்டர்களுக்குச் செல்லும் கட்டளையை நிறுத்தி, மாறுதிசைப் பக்கத்துத் துண்டிப்பானையும் திறந்து, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடவேண்டும். ஆயின் இத்துணைக் கடுமையான கட்டளையை ஒரே கருவியின் சொல்லை நம்பிப் பிறப்பிக்கலாமா? கருவியும் பொய் சொல்லக்கூடும் அன்றோ? அதற்காகப் பல நிலையங்களில் தனித்தனியே அளக்கும் மூன்று காவற்கருவிகளை வைத்து, அவற்றுள் இரண்டேனும் ஒத்துரைத்தால்தான் நிறுத்துவது என்று விதித்துள்ளனர். ஒன்று பொய்யாகக் கூவினாலும் நிலையம் நில்லாது. ஒன்று ஊமையாகிப் போனாலும் காவல் குன்றாது.

காவற்கருவி தவறாகச் செயற்பட்டால் விளையும் கேட்டை நம் நாடு 2012-ஆம் ஆண்டில் நேரிற் கண்டது. அவ்வாண்டு ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று வட்டாரங்களும் வீழ்ந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரம் இழந்தது. தொடக்கம் எங்கே? பீனா, குவாலியர் நகரங்களுக்கு இடையே செல்லும் 400 கிலோவோல்ட் மாறுதிசைத் தடத்தில். அத்தடத்தில் அன்று பழுது ஒன்றும் இல்லை. சுமை மட்டும் மிகுந்திருந்தது, அழுத்தம் தாழ்ந்திருந்தது. அங்கிருந்த ரிலே அந்தச் சுமையைப் பழுது எனக் கருதித் தடத்தைத் துண்டித்துவிட்டது. அத்தடம் சுமந்த மின்சாரம் மற்ற வழிகளில் முட்டிமோத, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அறுந்தன. இரண்டு நாளும் இதே தடமே தொடக்கமாக அமைந்தது. சுமையின் மிகுதியும் கட்டுப்பாட்டுக் குறைகளும் இவ்வீழ்ச்சிக்குப் பின்னணியாக இருந்தன என்பது உண்மையே. எனினும் இறுதி வெட்டை வெட்டியது, காக்க வைத்த கருவி.

அவ்விரு நாளிலும் தென் வட்டாரம் வீழாது நின்றது. அக்காலத்தில் அது பிற வட்டாரங்களோடு நேர்திசை இணைப்புகளால் மட்டுமே பிணைந்திருந்தது. மாறுதிசையால் ஒரே தாளத்தில் இணைந்தது 2013 டிசம்பர் 31-ஆம் நாள்தான். ஆகவே வடக்கின் தடுமாற்றம் திசைமாற்றிகளைக் கடந்து தெற்கே பரவவில்லை. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரத்தைத் தெற்கு இழந்தது மெய். ஆனால் மேற்கிலிருந்து வந்த பங்கு தொடர்ந்தது. திசைமாற்றிகள் தம் அளவை மாற்றித் துணைநின்றன. அலைவேகம் குறைந்தபோது ரிலேக்கள் சில பகுதிகளின் சுமையை மட்டும் விடுவித்தன. சிறிதளவு விட்டுக்கொடுத்து முழுமையைக் காத்த முறை அது. ஒரே நாளில் ஒரே நாட்டில், அவசரப்பட்ட காவலின் கேட்டையும் அளவறிந்த காவலின் பயனையும் அருகருகே கண்டோம்.

அண்மைக் காலத்தில் வேறொரு வகைத் திசைமாற்றியும் நம் நாட்டுக்கு வந்துள்ளது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2021 முதல் 320 கிலோவோல்ட் அழுத்தத்தில் இயங்கும் தடம் அவ்வகையினது. அதில் தைரிஸ்டருக்கு மாற்றாக ஐ.ஜி.பி.டி. எனப்படும் கருவிகள் உள்ளன. இவை கட்டளையிட்டால் திறக்கும். கட்டளையிட்டால் மூடவும் செய்யும். ஆதலின் முன்னர்க் கூறிய ஒப்படைப்பு இடர் இவற்றுக்கு இல்லை. ஆனால் இவற்றின் உடல் மெல்லியது. தைரிஸ்டர் சிறிது நேரம் தாங்கும் மிகை மின்னோட்டத்தை இவை தாங்கமாட்டா. ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள சிறு காவற்பொறி, மின்னோட்டம் எல்லை மீறுவதைக் கண்டு, நொடியின் இலட்சத்தில் ஒரு பங்களவில் அதனை மூடிவிடுகிறது. பழுதுற்ற பகுதியைச் சுற்றி மாற்றுவழி அமைத்து, எஞ்சியவற்றை ஓடச்செய்யும் இணைப்பானும் உடன் இருக்கிறது. கருவி மாறியது, நெறி மாறவில்லை.

மின்சாரத்தின் இடர் மட்டுமன்றி, நெருப்பு, நீர், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கும் காவல் வேண்டும். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் உலகின் சில நாடுகளில் வால்வுக் கூடங்கள் தீப்பற்றின. தளர்ந்த ஓர் இணைப்பில் தோன்றும் சிறு பொறியும், எளிதில் பற்றும் பிளாஸ்டிக் பொருளும் கூடினால் போதும். அப்பாடத்தைக் கற்றபின், தீயைப் பரப்பாத பொருள்களால் வால்வுகளை ஆக்கினர். எண்ணெய் நிறைந்த உறுப்புகளை வால்வுகளிலிருந்து விலக்கினர். கூடத்துக் காற்றை இடைவிடாது உறிஞ்சி, புகையின் முதல் அறிகுறியையே காணும் கருவிகளும் வந்தன.

தைரிஸ்டர்களின் சூட்டைத் தணிக்க ஓடும் நீர், உப்பு நீக்கித் தூய்மை செய்த நீர். தூய நீர் மின்சாரத்தைப் பெரும்பாலும் கடத்தாது. அதன் தூய்மையை ஒவ்வொரு கணமும் அளந்துகொண்டே இருப்பர். நீரை இறைக்கும் பம்பு ஒன்று நின்றால் மற்றொன்று ஓடத் தொடங்கும். நீரோட்டம் முற்றிலும் நின்றால் திசைமாற்றியும் நின்றாகவேண்டும்.

நிலநடுக்கத்தின் பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. 1971 பிப்ரவரி 9-ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோப் பகுதியில் நேர்ந்த நடுக்கத்தில், முந்திய ஆண்டுதான் பணிதொடங்கிய சில்மார் திசைமாற்றி நிலையம் பெருஞ்சேதம் உற்றது. பிற்காலத்தில் பல நிலையங்களில் வால்வுகளைத் தரையில் நிறுத்தாமல் கூரையிலிருந்து தொங்கவிடும் முறை பரவியது. தொங்குவது நில அதிர்வோடு அசைந்து கொடுக்கும், நிற்பது முறியும்.

இறுதியாக, மனிதருக்கு வைத்த காவல். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்போக்கும் அளவு மின்னூட்டம் எஞ்சியிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது, ஓசையும் இராது. ஆகவே வால்வுக் கூடத்தின் கதவை நினைத்தபோது திறக்க இயலாது. முதலில் இணைப்புகளைப் பிரிக்கவேண்டும். பிரித்தால்தான் நிலத்தோடு இணைக்கும் சுவிட்சை இயக்க முடியும். அதனை மூடி, எஞ்சிய மின்னூட்டம் மண்ணில் இறங்கிய பின்னரே கதவின் சாவி விடுபடும். கதவு திறந்திருக்கும் வரையில் சாவி பூட்டிலேயே சிக்கியிருக்கும். அது திரும்பி வாராமல் எவரும் மின்சாரத்தை ஏற்ற முடியாது. உள்ளே ஒரு தொழிலாளி இருக்கும்போது வெளியே மற்றொருவர் மறதியால் சுவிட்சைப் போட்டுவிடுவார் என்னும் அச்சத்துக்கு இடமே இல்லாமல் செய்த ஏற்பாடு இது. மனிதனின் நினைவாற்றலை நம்பாமல் பூட்டின் வடிவத்தை நம்பியது இதன் சிறப்பு.

எனினும் எந்தக் காவலையும் மனிதன் நினைத்தால் கெடுக்க முடியும். வீட்டில் பியூஸ் அடிக்கடி அறுகிறதே என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைப்போர் உண்டு. அதன்பின் பியூஸ் அறாது. வீட்டின் கம்பிகளே எரியும். பெருநிலையத்திலும் இதே சோதனை வேறு வடிவில் வரும். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறதென்று அதனை முடக்கிவைப்பதும், சுமை பெருகிய பின்னும் ரிலேயின் பழைய எல்லைகளை ஆராயாமல் விடுவதும் அத்தகையனவே. 2012-ஆம் ஆண்டு வீழ்ச்சியை ஆராய்ந்த குழு, நாடெங்கும் உள்ள மின்காவல் ஏற்பாடுகளைத் தணிக்கை செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. வரவு செலவுக் கணக்குக்குத் தணிக்கை உண்டென்பதை நாம் அறிவோம். காவலுக்கும் தணிக்கை வேண்டும் என்பதை அந்த இருள் கற்பித்தது.

தாங்கவேண்டியதைத் தாங்குதல், தணியவேண்டிய இடத்தில் தணிதல், வேறு வழியில்லாதபோது தயங்காது நிறுத்துதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுக்காவல். முதலிரண்டும் இன்றி மூன்றாவது மட்டும் இருக்குமாயின் நாடு அடிக்கடி இருளும். மூன்றாவது இன்றி முதலிரண்டும் மட்டும் இருக்குமாயின் உயிரும் உடைமையும் எரியும். எதனை எப்போது செய்வது என்பதைப் பொறியின் உள்ளேயே முன்கூட்டி எழுதிவைக்கின்றனர் பொறியியலார். எழுதியதைக் காலந்தோறும் எடுத்துப் படித்து, மாறிய சுமைக்கும் மாறிய சூழலுக்கும் ஏற்பத் திருத்திவருவது நிலையங்களில் பணிபுரிவோரின் கடமை. பழுதின்றி விளக்கு எரியும் ஒவ்வோர் இரவிலும் அக்கடமை நம் கண்ணுக்குப் புலப்படாமல் நடந்துகொண்டிருக்கிறது.